எந்த ஊர் ‘ஜஸ்ட் நவ்’?

ஜோஹன்னஸ்பர்க் வெயிலில் இருக்கும் என்னவருக்கு,

கிளைடு ஆற்றின் மேல் மூன்று நாளாகப் பனிமூட்டம். எதிர்க்கரையே இல்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து உன் குரல் மட்டும் மிதந்து வருகிறது.

நீ கிளாஸ்கோ வந்த முதல் வாரம், பஸ் டிரைவர் என்னை ‘ஹென்’ என்றதற்கு எப்படிக் குதித்தாய்! “அவன் உன்னைக் கோழிங்கறான், நீ பல்லைக் காட்டறியே?” இங்கே பெண்கள் எல்லோருமே செல்லமாகக் கோழிதான் என்று உனக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது. பிறகு நீயும் அப்படியே கூப்பிட்டாய். இப்போது யார் கூப்பிட்டாலும் நீயோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

உன் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போன உன்னிடம் ஏப்ரலில், “எப்பப்பா வருவே?” என்று போனில் கேட்டேன். “ஜஸ்ட் நவ் வரேன்” என்றாய். எங்களுக்கு அது இந்த நிமிஷம். விமானத்திலிருந்து இறங்கிவிட்டாய் என்றே நினைத்துப் பருப்பு சூப் வைத்தேன். இரண்டு கிண்ணம் எடுத்து வைத்தேன். சூப் ஏடு கட்டியது. அதன்பின் உன் அழைப்பை நான் எடுக்கவே இல்லை.

நேற்று, நான் வேலை பார்க்கும் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஊர் நர்ஸ் லிண்டிவேயிடம் உன்னைப் பொய்யன் என்று திட்டித் தீர்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அடி பைத்தியமே! எங்க ஊர்ல ஜஸ்ட் நவ்னா அப்புறமாடி. உடனேன்னா ‘நவ் நவ்’னு ரெண்டு தடவை சொல்லியிருப்பாரு!”

ஒரு ‘நவ்’ குறைந்ததற்கு ஐந்து மாதம்.

பெட்டி கட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தை முந்திக்கொண்டு நானே வாசலில் நிற்கலாம். ஜஸ்ட் நவ் வருகிறேன். இது எங்க ஊர் ஜஸ்ட் நவ்.

உன் கோழி