அப்பா தேடும் தேவாலயம்

புக்கரெஸ்ட்,
மார்ச் 16, ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள லிவியு அண்ணா,

சரகோசாவில் நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இருவருமே கத்திவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கான படிவம் வந்து சேர்ந்தது. உன் கையெழுத்துக்குக் கீழே எனக்கான இடம் காலியாகவே இருக்கிறது.

உன் கோபம் புரிகிறது. போன மாதம் அப்பா ஆறு மணி நேரம் காணாமல் போனார். பெரிய சாலையின் நடுவே மழையில் நின்றவரைப் போலீஸ்காரர்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பூட்டி வை என்றாய். உன்னிடம் சொல்லாத ஒன்று: பூட்டினேன். இரண்டு நாள், வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போனேன். அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாலும் நினைப்பெல்லாம் அந்தக் கதவில்தான் இருந்தது. திரும்பி வந்தபோது கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கதவுக்கு எதிரே நாற்காலியில் காத்திருந்தார்.

இன்று பூட்டவில்லை. அவர் கிளம்பியதும் இருபது அடி பின்னால் நானும் நடந்தேன்.

இசையரங்கத்தின் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எங்கள் அருங்காட்சியகத்தின் வாசலில் நின்று, "மழைத்தண்ணிக் குழாயை எந்த மடையன்யா இப்படி வெச்சான்?" என்று காவலாளியை அதட்டினார். குதிரைவீரன் சிலையடியில் சூடாக ஒரு கொவ்ரிக் ரொட்டி வளையம் வாங்கித் தின்று, அதில் ஒட்டியிருந்த எள்ளைப் புறாக்களுக்கு உதறினார். பழைய கடைவீதிச் சந்துகளில் ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை. ஆற்றைத் தாண்டிய பிறகுதான் தடுமாறினார். தெரு இருக்க வேண்டிய இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம். நடுச்சாலையில் நின்று, எதிர்ப்புறம் பூ விற்றவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க இருந்த கோயில எங்க கொண்டுபோய் வெச்சீங்க?"

"என் கூடையில இல்ல, பெரியவரே! முதல்ல ரோட்ட விட்டு வாங்க. மூணு துலிப் வாங்கிட்டுப் போனா வீட்டம்மா சண்டை போடமாட்டாங்க."

"அவளுக்குத் துலிப் பிடிக்காது" என்றார் அப்பா, அம்மா இன்னும் அடுப்படியில் இருப்பதுபோல.

அவர் வழி தவறவில்லை, அண்ணா. நாற்பது வருடத்துக்கு முன் அவர் தேடும் தேவாலயம் அங்கேதான் இருந்தது. இடிக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்தபோது, அதை அடியோடு பெயர்த்துத் தண்டவாளத்தில் ஏற்றி முந்நூறு மீட்டர் நகர்த்திக் காப்பாற்றியவர்களில் அப்பாவும் ஒருவர். நகர்த்தியது அவருக்கு மறந்துவிட்டது. இடித்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் மிச்சமிருக்கிறது.

கையைப் பிடித்து, குடியிருப்புகளுக்குப் பின்னால் துணி காயும் முற்றத்தைத் தாண்டி, அது ஒளிந்து நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். சுவரில் உள்ளங்கையை வைத்தபடி ஒரு சுற்று நடந்தார். விரிசல் தேடுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு என்னைப் பார்த்தார். கறுப்புக் கோட்டும் தோளில் பையுமாக நின்றவளை ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டார். யாருக்கும் தலைவணங்காத நம் அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், ரெண்டே நாள் டைம் குடுங்க. தண்டவாளம் போட்டாச்சு. தள்ளி வெச்சிடுறோம். இடிச்சிடாதீங்க."

உன் படிவம் என் பையில்தான் இருந்தது.

எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. "வாயால சொல்லிட்டுப் போயிடுவீங்க. எழுதிக் குடுங்க" என்றார். வேறு காகிதம் இல்லை. படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்காக மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டார். அதை இனி நான் கேட்டு வாங்க மாட்டேன்.

இது எத்தனை மாதம் ஓடும் என்று தெரியாது. நான் வேலையில் இருக்கும் நேரங்களில் பக்கத்து வீட்டு ஸாம்ஃபிரா அக்கா அவரோடு நடக்கச் சம்மதித்திருக்கிறார். மற்ற நேரமெல்லாம் நான்தான். களைத்துப் போகிறேன், அண்ணா. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஈஸ்டருக்கு வா. அவருக்கு உன்னை அடையாளம் தெரியாமல் போகலாம். வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்து அதட்டலாம். திருத்தாதே. அவர் தள்ளச் சொன்னால், சுவரில் கைவைத்துக் கொஞ்ச நேரம் தள்ளு.

உன் வரவுக்குக் காத்திருக்கும் தங்கை,
ருக்ஸாந்த்ரா