ஐந்து வருடக் கரை, ஏழு வருடக் கரை

ரோவில், மெல்பர்ன்
18.10.2006, புதன்கிழமை

அன்பு மகள் ராஜகுமாரிக்கு,

அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் தம்பி பாஸ்கரும் விஜயாவும் சுகம். நீ கோலாலம்பூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். சனிக்கிழமை தீபாவளி, அடுத்த செவ்வாய்க்கிழமை நோன்புப் பெருநாள் என்று நாள்காட்டியில் பார்த்தேன், இரண்டும் இப்படி ஒட்டிக்கொண்டு வந்தால் உனக்கு விடுமுறை கூடுதலாகக் கிடைக்கும், அந்த நாட்களிலாவது நன்றாகத் தூங்கு. விஜயா டண்டினொங் கடைத்தெருவில் வாங்கிய மாவில் முறுக்குப் பிழிந்தாள், எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டது, நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லவில்லை என்பதையே பாஸ்கர் குற்றமாகச் சொல்கிறான். மழை இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற நாளும் நேரமும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள், கறிவேப்பிலைச் செடியை அரிசி கழுவிய தண்ணீரில் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய இரண்டு உறைகளும் வந்து சேர்ந்தன. ஒன்றில் உன் அலுவலகத்துக்காக நீ எழுதும் அறிக்கை, முஸ்லிம்களின் காப்புறுதியாகிய தக்காஃபுலை மலேசியாவும் இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் எந்தெந்தச் சட்டத்தில் நடத்துகின்றன என்று. மற்றதில் உன் அண்ணன் குணசீலனைப் பற்றி ஏழு வருடமாக ஒரு சேதியும் இல்லை, அவன் இறந்துவிட்டதாகவே கொள்கிறேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம். முதலாவதைப் படித்துப் பிழை பார்க்கச் சொல்லி இரண்டு பக்கம் எழுதிய நீ இரண்டாவதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. மஞ்சள் ஒட்டுத்தாளில் ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். பெற்றவளுக்கு அம்புக்குறி போதும் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. அவன் தக்காஃபுல் எடுத்த நிறுவனத்தார் நேராக எனக்கு இரண்டு தடவை அனுப்பியதையும், அவன் மாற்றிக்கொண்ட பெயரில் "மறைந்த இத்ரிஸ்" என்று இருந்த இடத்தில் "மறைந்த" என்பதை ஸ்கேல் வைத்து அடித்துத் திருப்பி அனுப்பினேன், அதனால் இந்தத் தடவை உன்னைப் பிடித்திருக்கிறார்கள்.

முதலில் உன் அறிக்கை. நான் ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவள்தான், ஆனால் உன் அப்பா கிள்ளானில் காப்புறுதி முகவராக அலைந்த காலத்தில் அவர் கொண்டுவந்த பத்திரங்களை அகராதியும் கையுமாக வரிவரியாகப் படித்து ஆங்கிலம் கற்றவள், சின்ன எழுத்தில் இருப்பதை எல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான், சுவரில் தொங்கிய பட்டயத்தில் மட்டும் வீரப்பன் என்று அவர் பெயர். மலேசியா 1984-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டது, இந்தோனேசியாவில் தனிச் சட்டம் கிடையாது, பொதுக் காப்புறுதிச் சட்டத்தின் கீழே அமைச்சின் ஆணைகளையும் மார்க்க அறிஞர்களின் தீர்ப்புகளையும் வைத்து நடத்துகிறார்கள், சிங்கப்பூரில் எல்லாக் காப்புறுதிக்கும் ஒரே சட்டம், இவ்வளவும் சரியாக எழுதியிருக்கிறாய். ஒன்பதாம் பக்கம் பிழை. மலேசியாவில் பத்திரத்தில் பெயர் குறிக்கப்பட்டவருக்குப் பணம் சேரும் என்று எழுதியிருக்கிறாய். சேராது. முஸ்லிமின் தக்காஃபுலில் பெயர் குறிக்கப்பட்டவர் பணத்தை வாங்கி மார்க்கச் சட்டப்படி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வெறும் கை. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, அந்தக் கை நான்தான். அடுத்து, பதினான்காம் பக்கத்தில் இந்த நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாடுகள் சிறியவை என்று முடித்திருக்கிறாய். உன் அண்ணன் அந்தச் சிறிய வேறுபாட்டுக்குள்தான் ஏழு வருடமாக நிற்கிறான், ராஜி.

அவன் மதம் மாறி இத்ரிஸ் ஆனதை எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னான், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, இருக்கும். ஆனாலும் 1997-இல் தக்காஃபுல் விண்ணப்பத்தை நம் கிள்ளான் வீட்டுச் சமையலறையில் என் எதிரில் உட்கார்ந்துதான் நிரப்பினான். பெயர் குறிக்கும் கட்டத்தில் என் பெயரை எழுதினான். உன் பெண்டாட்டி நூர்லைலா இருக்கும்போது நான் எதற்கு, உன் மார்க்கத்தில் எனக்குப் பங்கும் கிடையாதே என்று கேட்டேன். அவகிட்ட யார் பேப்பர் நீட்டினாலும் படிக்காம சைன் பண்ணிடுவாம்மா, நீங்க எல்லாத்தையும் படிச்சு, சண்ட போட்டு, அப்புறமும் போட மாட்டீங்க லா, நீங்க இருக்கிற வரைக்கும் என்னைய யாரும் சாகடிக்க முடியாது என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். உன் அப்பா போனபின் நான் இங்கே வந்தேன், அடுத்த வருடம், 1999 ஆகஸ்டில், போர்ட் கிள்ளானிலிருந்து இந்தோனேசியக் கரையில் உள்ள தஞ்சோங் பாலாய்க்கு நூர்லைலாவைப் பார்க்க அவன் ஏறிய படகு நடுநீரிணையில் கவிழ்ந்தது. இந்தப் பக்கத்துப் படகுகள் சிலரை எடுத்தன, அந்தப் பக்கத்துப் படகுகள் சிலரை எடுத்தன, இவனை யாரும் எடுக்கவில்லை, உடலும் கரை சேரவில்லை.

இனி நான் எழுதுவதைப் பாஸ்கரிடம் போனில் கேட்டுச் சரிபார்க்காதே, அவன் சிரிப்பான். அந்த வருடம் தொட்டு வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் நான்கு மணிக்கு இந்த வீட்டுத் தொலைபேசி அடிக்கும். எல்லா வெள்ளியும் இல்லை, மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. எடுத்தால் ஒருவரும் பேசுவதில்லை. படகு எஞ்சின் மெதுவாக ஓடும் சத்தம், பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம், அதற்கு மேலே ஒருவர் மூச்சு. அது இந்தியாவிலேர்ந்து போன் விக்கிறவன் லாம்மா, கம்ப்யூட்டர் டயல் பண்ணும், ஆள் கிடைக்கலன்னா சும்மா ஓடிக்கிட்டு இருக்கும் என்று பாஸ்கர் சொன்னான். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குமாடா என்று கேட்டேன். ஒரு தடவை விஜயா எடுத்தாள். சிறிது நேரம் கேட்டுவிட்டு, அத்தை, உங்களுக்குத்தான் என்று என்னிடம் நீட்டினாள். யார் என்னைக் கேட்டார்கள் என்றேன். யாரும் கேக்கல, ஆனா உங்களுக்குத்தான் என்றாள். அன்றிலிருந்து அவள் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வீட்டில் இருப்பதில்லை, ஏதாவது சாமான் வாங்கப் போய்விடுகிறாள்.

2004 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அடித்தது. எஞ்சின் இருந்தது, தண்ணீர் இருந்தது, மூச்சு இல்லை. நான் குணா, குணா என்று கூப்பிட்டுப் பார்த்தேன், பிறகு எனக்குப் பிடிக்காத அந்த இத்ரிஸ் என்ற பெயரையும் முதல்முறையாக வாயால் சொல்லிக் கூப்பிட்டேன். எஞ்சின் மட்டும் ஓடியது, இன்றுவரை அடிக்கும்போதும் அது மட்டும்தான். இரண்டு மாதம் கழித்து நூர்லைலாவின் கடிதம் வந்தது, அங்கே சட்டப்படி ஐந்து வருடம் காணாமல் போனால் நீதிமன்றம் இறந்தவராகக் கொள்ளலாமாம், விண்ணப்பித்து ஆணை வாங்கிவிட்டாளாம், ஆணையின் நகலும் உள்ளே இருந்தது. தேதியைப் பார்த்தேன். அதே வெள்ளிக்கிழமை. நம் நாட்டில் ஏழு வருடம். ஆகவே இரண்டு வருடமாக உன் அண்ணன் அந்தக் கரையில் இறந்தவன், இந்தக் கரையில் உயிரோடு இருப்பவன். இது உன் அறிக்கையில் இல்லை. இது தக்காஃபுல் சட்டத்தில் வராதும்மா என்பாய். ஒருவன் இறந்துவிட்டான் என்று எந்தக் கரை சொல்வது என்பது தெரியாமல் காப்புறுதிக்கு என்ன சட்டம் வேண்டிக்கிடக்கிறது?

அதனால்தான் நான் கையெழுத்துப் போட மறுத்தேன், பிடிவாதம் பிடிவாதம் என்று நீயும் பாஸ்கரும் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அந்தக் கரை கையெழுத்துப் போட்டதும் மூச்சு போயிற்று. இந்தக் கரையும் போட்டால் மிச்சம் இருப்பதும் போகும். எந்தத் தாய் அதைத் தன் கையால் செய்வாள்? ஆனால் போன மாதம் நூர்லைலா மறுபடி எழுதினாள். அவர்கள் மகள் சல்மாவுக்கு எட்டு வயது. தஞ்சோங் பாலாய்ப் பள்ளிப் பதிவில் அவள் தகப்பன் இல்லாத பிள்ளை. கிள்ளானில் பிறந்தவள் என்பதால் மலேசியப் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனால் தகப்பன் வந்து கையெழுத்துப் போடட்டும் என்கிறார்களாம். அம்மா, என் அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்று பிள்ளை கேட்கிறதாம், இவளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். அந்தக் கடிதத்தை ஒன்பது நாள் வைத்திருந்தேன். நான் பிடித்து வைத்திருப்பது என் பிள்ளையை அல்ல, அவனில் பாதியை என்று எனக்குப் புரிந்தது. பாதி செத்தவனாக அவனை விட நான் சம்மதிக்க மாட்டேன். நிறுவனம் கேட்டதற்காகவோ நீ ஒட்டிய அம்புக்குறிக்காகவோ இல்லை, இதை எழுதி வைத்துக்கொள்.

பொய்யும் எழுத மாட்டேன். ஒரு சேதியும் இல்லை என்று அச்சடித்திருந்த வரிக்குப் பக்கத்தில், வெள்ளிக்கிழமைத் தொலைபேசியையும் மூச்சு இருந்த காலத்தையும் நின்ற தேதியையும் என் கையால் ஆங்கிலத்தில் எழுதினேன். நேற்றுக் காலை பஸ் எடுத்துத் தனியாக மருந்துக் கடைக்குப் போனேன், இங்கே மருந்தாளரும் இப்படிப்பட்ட பத்திரத்துக்குச் சாட்சி ஒப்பம் இடலாம். அரியரத்தினம் என்று யாழ்ப்பாணத்துக்காரர், முழங்கால் மாத்திரை அவரிடம்தான் வாங்குவது. கடையில் வேறு ஆள் இல்லை. பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன அன்ரி, அவங்கள் எழுதினதை விட நீங்கள் எழுதினதுதான் கூடவாய்க் கிடக்கு என்று சிரித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்தில் முதல் எழுத்தைப் போட்டேன். அவர் என் தோளுக்கு மேலே பார்த்து, அன்ரி, பின்னாலை நிக்கிற தம்பியும் கையெழுத்து வைக்க வேணுமோ, பேனைக்குக் கை நீட்டுறார் என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையெழுத்தை முடித்திருக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். முழுப் பெயரையும் எழுதி, தேதியும் போட்டு, அவசரமில்லாமல் அடிக்கோடும் போட்டேன். பிறகு திரும்பாமலே பேனாவைப் பின்பக்கமாக நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.

பத்திரம் இத்துடன் இருக்கிறது. ஓரத்தில் நான் எழுதியதை எடுக்கச் சொல்லி எந்த வழக்கறிஞர் கேட்டாலும் சம்மதிக்காதே, ஒரு சொல் குறைந்தாலும் அது என் கையெழுத்து இல்லை என்று நீதிமன்றத்துக்கே எழுதுவேன். பணம் வந்தால் நூர்லைலாவுக்கும் சல்மாவுக்கும் சட்டம் சொல்லும் பங்கை நீ நேரில் கொண்டுபோய்க் கொடு, விமானத்தில் போ, படகில் போகாதே. ஒன்பதாம் பக்கத்தைத் திருத்து. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி, ஆள் இல்லாத வீடு என்று விளக்கேற்றாமல் இருந்துவிடாதே. நீயும் அந்தப் பிள்ளையும் தலை நிமிர்ந்து நெடுங்காலம் வாழ வேண்டும், அம்மாவின் ஆசி உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு.

உன்னைப் பெற்றவள்,
வீ. புஷ்பவல்லி