வெளியே நிற்கிற பெட்டி

பாலிக்சி,
அக்டோபர் 6

சல்கினின் அப்பாவுக்கு,

ஜீபார் எழுதுவது. நானும் குழந்தையும் நலம். நீங்களும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், விட்டுவிட்டுப் போனவளுக்கு என்ன அக்கறை என்பீர்கள். ஆனாலும் கேட்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது. இனி எழுதலாம். ஷாயிர்பெக் அண்ணன் நாரினுக்கு வேன் ஓட்டுகிறார், கொண்டுவந்து தருவார்.

இங்கே பிறந்த வீட்டுக்கு வந்த பிறகு சல்கினுக்கு ஒருநாள்கூட மூச்சு இழுக்கவில்லை. ஏரிக்காற்று புகையை நிற்கவிடுவதில்லை. டாக்டர் சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள்: இன்னொரு குளிர்காலம் கரிப்புகையில் கிடந்தால் இந்தப் பிள்ளை தாங்காது. நீங்கள் கடைசி மகன். வீடும் தகப்பனும் உங்கள் பொறுப்பு, விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணி இப்போதெல்லாம் எனக்குத் தேநீரைக் கிண்ணம் நிறைய ஊற்றுகிறாள். நிறைந்த கிண்ணம் என்றால் குடித்துவிட்டுக் கிளம்பு என்றுதானே அர்த்தம்.

எனக்குக் கரியில்லாத வீடு வேண்டும். இங்கே ஒரு வீட்டில் ஹீட் பம்ப் வைத்திருக்கிறார்கள். வெளிக்காற்றில் இருக்கிற சூட்டையே இழுத்து உள்ளே கொடுக்கிறது. விசாரித்து எழுதுங்கள்.

ஜீபார்

நாரின்,
அக்டோபர் 19

சல்கினின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாத்தியாரம்மா, பனி தள்ளுகிற வண்டி ஓட்டுபவனைப் போய் இப்படிப் பரீட்சை எழுதவிட்டாயே.

தலைநகர் சந்தைக்குப் போனேன். ஒரு கடைக்காரன் இரண்டு மெஷின் வைத்திருந்தான். சின்னதைத் தட்டிக்கொடுத்து, "அண்ணே, மைனஸ் இருபத்தஞ்சு வரைக்கும் தாங்கும், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றான். "தம்பி, நாரின்ல இருபத்தஞ்சுன்னா பிள்ளைங்க வெளிய விளையாடும்" என்றேன். அப்புறம்தான் துணியை விலக்கிப் பெரியதைக் காட்டினான். விலையைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். தரையைத் தோண்டிக் குழாய் பதிக்கிற வகையும் உண்டாம். நம் முற்றத்தில் ஒரு முழம் தோண்டினால் பாறை.

அப்பா ஒரே சிரிப்பு. "வெளிய நின்னா பல்லு கிட்டுது. அதுல இருந்து சூடு எடுக்கிறானாம். கல்லுல பால் கறக்கிறவன்கூட இருப்பான்போல" என்கிறார்.

எதை வாங்க, நீயே சொல். கரி எவ்வளவு போட்டாலும் இந்த வீடு குளிர்கிறது. இதை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன், கவனித்துக்கொள்.

சகிந்திக்

பாலிக்சி,
அக்டோபர் 27

சல்கினின் அப்பாவுக்கு,

அடிக்காமல் விட்டதைக் கவனித்தேன்.

சின்னது வேண்டவே வேண்டாம். இருபத்தைந்து வரை தாங்கும் என்றால் அதுவரை நின்றுபோகாது என்றுதான் பொருள், வீட்டைச் சூடாக்கும் என்று பொருள் இல்லை. குளிர் ஏற ஏற இந்த மெஷின்களுக்குச் சக்தி இறங்கும். மைனஸ் முப்பதில் எவ்வளவு சூடு கொடுக்கும் என்று கேளுங்கள். அந்தக் கணக்கைக் காட்டாதவனிடம் எதையும் வாங்காதீர்கள்.

முதலில் மேற்கூரையில் ஆட்டு ரோமத்தைத் தடிமனாகப் பரப்புங்கள். ஓட்டை வீட்டுக்கு எந்த மெஷினும் போதாது. வெளிப்பெட்டியைத் தரையில் வைக்காமல் இடுப்புயரத்துக்கு மேடை கட்டி வையுங்கள், பனி மூடக்கூடாது. அவசரத்துக்கு ஒரு மின்சார ஹீட்டரும் கையில் இருக்கட்டும்.

சல்கின் தாத்தாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஜீபார்

நாரின்,
நவம்பர் 30

சல்கினின் அம்மாவுக்கு,

பெரியதையே வாங்கிவிட்டேன். கறுப்புக் குதிரை எங்கே என்று வந்ததும் கேட்காதே. கூரையில் ரோமம் போட்டாயிற்று. மேடை கட்டியாயிற்று. அப்புறம் ஒரு காரியம் செய்தேன். கடப்பாரையை எடுத்துக் கரியடுப்பை இடித்துச் செங்கல்லை வெளியே கொட்டிவிட்டேன். அடுப்பு இருந்தால் என்றைக்காவது பற்றவைப்போம் என்றுதானே நீ பயப்படுவாய்? இனி அந்தப் பயம் இல்லை.

அப்பாவின் கூத்தைக் கேள். விடிந்ததும் விளக்குமாறோடு போய்ப் பெட்டியைச் சுற்றிப் பனியைக் கூட்டுகிறார். அதற்குச் சலாம் சொல்கிறார். அவ்வப்போது அது தன்மேல் படிந்த உறைபனியை உருக்க நின்று ஆவி விடுமே, அப்போது பக்கத்திலேயே நின்று, "மூச்சு வாங்குது பாவம். நாமெல்லாம் உள்ள, அது மட்டும் வெளிய நிக்குது" என்கிறார். வாழ்நாளெல்லாம் ஆடு மேய்த்தவர், எதைப் பார்த்தாலும் ஆடுதான்.

வீட்டில் புகை இல்லை. சுவரெல்லாம் வெள்ளையடித்துவிட்டேன். எப்போது வருகிறாய்?

சகிந்திக்

பாலிக்சி,
டிசம்பர் 8

சல்கினின் அப்பாவுக்கு,

அடுப்பை இடித்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாமா சலாம் சொல்வதைச் சல்கினுக்குப் படித்துக்காட்டினேன், இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அண்ணி வந்து எட்டிப்பார்த்தாள்.

எனக்கும் இப்போதே வர ஆசைதான். ஆனால் பயமாக இருக்கிறது. இந்த மாதக் குளிரில் எந்த மெஷினும் நல்ல பெயர் வாங்கும். நாற்பது நாள் கடுங்குளிர் பிறக்கட்டும். ஒரு தடவை மைனஸ் முப்பத்தைந்தைத் தாண்டட்டும். ஹீட்டரின் உதவி இல்லாமல் அது தனியாக வீட்டைக் காப்பாற்றினால், ஷாயிர்பெக் அண்ணனின் அடுத்த வேனிலேயே நாங்கள் இருப்போம். இதை மாமாவுக்கும் படித்துக்காட்டுங்கள். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஜீபார்

நாரின்,
ஜனவரி 15

ஜீபார்,

பக்கத்து வீட்டு ஜூமாஷ் உனக்குப் போன் செய்தான். நீயும் உடனே கிளம்பிப் பாதி வழி, கோச்கோர் வரை வந்தாய், டோலோன் கணவாய் மூடியிருந்ததால் திரும்பினாய். ஷாயிர்பெக் அண்ணன் சொன்னார். அந்தக் கணவாயைத் திறக்க வேண்டியவன் நான். இரண்டு நாளாக அங்கேதான் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். செய்தி வந்ததும் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன். எனக்குப் பின்னால் பாதை மூடிக்கொண்டது.

நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அன்றைக்கு மைனஸ் முப்பத்தாறு. முந்தின நாள் அப்பா ஜூமாஷிடம், "நாளைக்கு அதுக்குப் பரீட்சைடா. முதுகுக்கு ஒரு துணியாவது குடுக்க வேணாமா" என்றிருக்கிறார். தன்னுடைய கம்பளி மேலங்கியை, மலையில் குட்டி போட்ட ஆட்டுக்குப் போர்த்துவாரே, அதைக் கொண்டுபோய்ப் பெட்டியைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். காற்று போக வழியில்லாமல் மெஷின் நின்றுவிட்டது.

ஹீட்டர் மூலையிலேயே இருந்தது. போடவில்லை. போட்டால் பரீட்சை செல்லாது என்று நீ சொல்லிவிடுவாயாம். ஜூமாஷ் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். "இப்பத்தான் நின்னிருக்கு, கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு ஓடும். வீட்டைப் போட்டுட்டு வந்தா யாருடா பாக்குறது? சல்கின் வரணும்" என்றாராம். அடுத்த தடவை அவன் வந்து பார்த்தபோது சுவரோரம் உட்கார்ந்தபடியே போயிருந்தார். அடுப்பு இருந்த இடத்தில்.

முற்றத்தில் கூடாரம் போட்டு அவரைக் கிடத்தினோம். மகன் நிற்கிற முறைப்படி நான் வாசலில் கம்பை ஊன்றி நின்று அழுதேன். உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க மருமகள் இல்லை. ஜூமாஷின் மனைவி உட்கார்ந்தாள்.

மேலங்கியை அவிழ்த்ததும் மெஷின் ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து வீடு கதகதப்பாக இருக்கிறது.

சகிந்திக்

பாலிக்சி,
ஜனவரி 21

சல்கினின் அப்பாவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோச்கோரில் வேனுக்குள் உட்கார்ந்தே மாமாவுக்கு ஒப்பாரி வைத்தேன். ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த மண்ணில் உட்கார்ந்து வைக்க வேண்டியதைச் சாலையில் வைத்தேன்.

பனி மூடக்கூடாது என்று எழுதினேனே, எதுவும் மூடக்கூடாது என்று எழுதத் தோன்றவில்லையே. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். மூச்சு வாங்குது பாவம் என்று அவர் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். பரீட்சை வைத்ததும் நான்தான். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள், எதிரில் நின்று வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நாற்பதாம் நாள் படையலுக்கு நானும் சல்கினும் வருகிறோம். திரும்பிப் போக மாட்டோம். வந்தவர்களுக்கு மருமகள் நான்தான் தேநீர் ஊற்ற வேண்டும். இனி எந்தச் சோதனையும் வேண்டாம். வீடு எப்படி இருந்தாலும் வருகிறோம். ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் ஜீபார்

நாரின்,
பிப்ரவரி 9

ஜீபார்,

உன்மேல் கோபம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், உண்மையாகவே இல்லை. நீ கேட்டது பிள்ளையின் மூச்சு. அடுப்பை இடிக்கச் சொல்லி நீ ஒரு வரிகூட எழுதவில்லை, நானாக இடித்தேன்.

ஆனால் அந்தச் சூட்டில் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே பெட்டி ஓடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன். மெஷினைக் கழற்றி ஜூமாஷ் வீட்டில் வைத்துவிட்டோம். அவன் பையனுக்கும் இருமல் இருக்கிறது. எதையும் மூடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

மேலங்கியை ஷாயிர்பெக் அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கயிற்றின் தடம் போகவில்லை. சல்கினுக்குப் படுக்கையில் விரி, ஏரிக்காற்று இரவில் குளிரும்.

படையலுக்கு ஜூமாஷின் மனைவி தேநீர் ஊற்றுவதாகச் சொல்லிவிட்டாள். நீ குழந்தையை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடாதே. இடித்த செங்கல்லையே பொறுக்கி அடுப்பைத் திரும்பக் கட்டிவிட்டேன். நேற்று கரி வந்து இறங்கியது.

சகிந்திக்