நானூற்றுப் பன்னிரண்டு ஏரிகள்

14 மார்ச் 2005, திங்கள்

லீவு முடிந்து ஆபீசுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. என் பழைய சீட்டில் வேறொருவர். எங்கள் இன்ஜினீயர் ஜெயகிருஷ்ணன் சார் கூப்பிட்டுப் புது வேலை கொடுத்தார். மாடி ரிக்கார்டு ரூமில் மூன்று தாலுகா ஏரிகளின் காகிதக் கட்டுகள் கிடக்கின்றன. எந்த ஏரிக்கு என்ன வரைபடம் இருக்கிறது, மதகு எத்தனை, உபரித் தண்ணீர் வழியும் கலங்கலின் அளவு எந்த ரிஜிஸ்டரில், அந்த ரிஜிஸ்டர் எந்த அலமாரியில் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரே அட்டவணையாக ஏற்ற வேண்டுமாம். மொத்தம் 412. தீபாவளிக்குள்.

பக்கத்து சீட் மார்கரெட் சொன்னாள், "உனக்கு ரெஸ்ட்டா இருக்கட்டும்னு குடுத்திருக்காருப்பா" என்று. இருக்கலாம். ஒதுக்கி வைத்துவிட்டார் என்றும் சொல்லலாம்.

29 மார்ச்

பதினொன்று.

20 ஏப்ரல்

இருபத்துமூன்று. இப்படியே போனால் இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

ஒரு கட்டைப் பிரித்தால் ஒரே ஏரிக்கு மூன்று பெயர். எது சரி என்று தேடுவதற்குள் பொழுது போய்விடுகிறது. இன்று பூச்சி அரித்த ஒரு வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். வரைபடத்துக்காக இல்லை. ஜனவரியில் என் வயிற்றில் இருந்தவள் ஆறாம் மாசத்திலேயே போய்விட்டாளே — அதுக்கப்புறம் எதை ஆரம்பிச்சாலும் பாதியில கை வுட்டுப் போவுது. இன்னா பண்றது நான்?

21 ஏப்ரல்

என் வீட்டுக்காரர் அருணகிரி அச்சரப்பாக்கத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு வண்டி ஓட்டுகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து எங்களுக்குள் "சாப்டியா", "சாப்டேன்" தவிரப் பேச்சே இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. எதைப் பேசினாலும் அதில்தான் போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் பயம்.

இன்று கருங்குழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வெள்ளைத்தாங்கல் ஏரிக் கட்டைப் பற்றிச் சொன்னேன். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"அந்த ஏரியா? கரை மேல ரெட்டைப் பனை கீது. அங்கதான் போன வருசம் டயரு பஞ்சராச்சு. மூணு மணி நேரம் அந்தக் கரையிலதான் குந்திகினு இருந்தேன்."

அந்த மூன்று மணி நேரத்தையும் எனக்குச் சொன்னார். குழம்பு ஆறிப்போனது. மறுபடி சுட வைத்துக் கொடுத்தேன்.

9 மே

தினமும் நான் வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்பது, "இன்னிக்கு இன்னா ஏரி?" முப்பது பெயர் சொன்னால் இருபத்தைந்து அவருக்குத் தெரிந்திருக்கிறது. போன செவ்வாய் ஒன்றுமே முடிக்காமல் வந்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அதற்கப்புறம் வெறும் கையோடு வருவதில்லை என்று வைத்துக்கொண்டேன். சார் கொடுத்த கெடுவுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

இன்றைய ஏரியைப் பற்றி ஒன்று கேட்டார். "அது நெரம்பினா தண்ணி எங்க போவும்?"

எனக்குத் தெரியவில்லை.

10 மே

காலையில் முதல் வேலையாக அந்தக் கட்டைப் பிரித்தேன். பழைய வரைபடத்தின் ஓரத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி, அடுத்த ஏரியின் பெயரோடு. மற்ற கட்டுகளிலும் இருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்தேன்: "நிரம்பினால் அடுத்த ஏரி." முடித்து வைத்த நாற்பத்தெட்டையும் திரும்பப் பிரிக்க வேண்டும். மார்கரெட் தலையில் அடித்துக்கொண்டாள்.

10 ஜூன், வெள்ளி

அறுபத்தொன்று. சார் கூப்பிட்டார். இதே வேகம் என்றால் கம்ப்யூட்டரை டெண்டர் வேலைக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

"ஜூலை கடைசி வரைக்கும் குடுங்க சார். ஒரு நாளைக்கு ஆறு முடிக்கிறேன்."

யார் பேசியது, நானா? ஆறா?

13 ஜூன்

மார்கரெட்டோடு உட்கார்ந்து யோசித்தேன். ஒவ்வொரு கட்டையும் முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன் என்று இருந்ததுதான் தப்பு. இனிமேல் ஓர் அலமாரியை எடுத்தால் தெரிந்ததை மட்டும் ஏற்றுவது. சந்தேகத்தைத் தனி நோட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது. சாப்பாட்டு நேரத்தில் பாதியை அவள் தருகிறாள். நான் வாசிக்க வாசிக்க அவள் டைப் அடிக்கிறாள். அவளுக்கு இதில் ஒன்றும் கிடையாது. "சும்மா உக்காந்து உன் மூஞ்சியப் பாக்கறதுக்கு இது மேல்" என்கிறாள்.

இன்று ஏழு.

22 ஜூன்

சந்தேக நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் காலையில் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மாலையில் மில் சீட்டின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்து: "சித்தேரியும் கொல்லைத்தாங்கலும் ஒன்னுதான். ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். ரெண்டாவது ஆளு டீ வாங்கிக் குடுத்தாரு." டீ விஷயத்தையும் எதற்கு எழுதினார் என்று கேட்டேன். ஆபீஸ் விவரம் முழுசாக இருக்க வேண்டும் அல்லவா என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன்.

29 ஜூலை, வெள்ளி

இருநூற்று எழுபத்தெட்டு. சார் திரையைக் கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தார். கம்ப்யூட்டர் அதே மேஜையில்தான் இருக்கிறது.

23 செப்டம்பர்

முடிந்தது. 412 இல்லை, 405. ஏழு ஏரி இரண்டு பெயரில் இரண்டு தடவை இருந்திருக்கின்றன. மார்கரெட் பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கிவந்தாள். விழா அவ்வளவுதான்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நாளைலேர்ந்து இன்னா பேசுறது?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

3 டிசம்பர், சனி

இரண்டு நாளாக விடாத மழை. லீவு யாருக்கும் இல்லை. பத்து மணிக்கு சார் வயர்லெஸ் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு மேஜைக்கே வந்தார். வெள்ளைத்தாங்கல் கோடி போகிறதாம், தண்ணீர் கலங்கல் மேல் வழிகிறது. "அடுத்து எது சுஜாதா?" என்றார்.

தேடி எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே கீழே நான்கு ஏரியைச் சொன்னேன். மூன்றாவதன் கரையை ஒட்டி இரண்டு காலனி. மத்தியானத்துக்குள் அங்கிருந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்புறம்தான் உறைத்தது. நான்காவது ஏரிக்குக் கீழே இருக்கிற தரைப்பாலம் என் வீட்டுக்காரர் வண்டி வரும் வழி. ஒடனே செல்லுல கூப்ட்டேன். மில்லை விட்டுக் கிளம்பப்போவதாகச் சொன்னார்.

"வராதீங்க. அந்தப் பாலம் போயிடும்."

"இப்ப நல்லாத்தானே கீதுன்றாங்க?"

"நான் சொல்றேன்ல."

"செரி. நீ சொன்னா செரி" என்றார். வண்டியை மில்லிலேயே நிறுத்திவிட்டார். நாலரை மணிக்குப் பாலம் முழுகியது.

4 டிசம்பர்

மாலையில் சுற்றி வந்து சேர்ந்தார். தலையைத் துவட்டிவிட்டேன்.

29 ஜனவரி 2006, ஞாயிறு

இன்னும் இரண்டு தாலுகா ஏரிகளையும் நான்தான் பார்க்க வேண்டும் என்று சார் கேட்டிருக்கிறார். மார்கரெட்டும் வேண்டும் என்றேன். சரி என்றுவிட்டார். என் பழைய சீட் இனி எனக்கு வேண்டாம்.

இன்று அவருடைய மில் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோவளம் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்தோம். போட்டுகளை வரிசையாகக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஏரி, ஆபீஸ் என்று எந்தப் பேச்சையும் அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் மணலைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"இந்த மாசத்தோட ஒரு வருசம் ஆச்சில்ல?" என்றார்.

"ம்."

"பொண்ணு பொறந்தா வெக்கலாம்னு ஒரு பேரு யோசிச்சு வெச்சிருந்தேன். உங்கிட்ட சொல்லவே இல்ல."

சொல்லுங்க என்றேன்.

"மானசா."

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். நல்லா கீது என்றேன். அவர் அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாத மனுஷன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வீட்டுக்கு வரும்வரை, பஸ்ஸில் நின்றுகொண்டே, அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.