எஸ்எம்பிஎஸ் தாங்குமா

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மேசைக்குப் பின்னால் சுவர் ஊறிப்போய்ப் பெயிண்ட் உரிகிறது. ஸ்விட்ச் போர்டைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டுதான் சிஸ்டத்தை ஆன் செய்கிறேன்.

ஸ்கூல் பேட்ஜ் எம்பிராய்டரி டிசைன். ஒவ்வொரு தையலும் நான் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால்தான் பட்டறையில் மெஷின் தைக்கும். புது சாஃப்ட்வேர் போட்டதிலிருந்து சிஸ்டம் நொண்டுகிறது. இன்றைக்கு பேட்ஜில் பாதி போடும்போதே ஹேங். பட்டறை அண்ணாச்சி போனில்: “ஞாயித்துக்கெழமைக்குள்ள தந்துரும்மா. இல்லன்னா வாஷி ஏரியால ஒருத்தன் இருக்கான், அவன்ட்ட குடுத்துருவேன். கோவிச்சுக்கிடாத.” இந்தப் பட்டறை போனால் எனக்கு வேறு பட்டறை இல்லை.

கொழுந்தன் சுரேசு வந்து பார்த்தான். “மதினி, எட்டு கோர் ப்ராசசர் போடுங்க. இதே மதர்போர்டுல உக்காரும். சும்மா பறக்கும்.”

அவனுக்கென்ன. என் வீடு ஒரே அறை. மகள் கவிதா படுப்பது இந்த மேசைக்கு அடியில், வேறு இடம் கிடையாது. போன மாதம் அடுத்த சந்தில் பை தைக்கிற பட்டறையில் ஷார்ட் சர்க்யூட். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கரிந்த ரெக்சின் வாசம் மட்டும் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

பருப்பு தீர்ந்துவிட்டது. கவிதாவுக்கு ரெயின்கோட் பட்டன்.

ஜூலை 9, புதன்

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். தூசி, நூல் பிசிறு, செத்த கரப்பான் ஒன்று. எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்டை வாங்கி உள்ளே எல்லாவற்றுக்கும் பங்கு வைக்கிற தகர டப்பா. அதன் மேல் ஸ்டிக்கர். பெரிய எழுத்தில் 300 வாட். அப்பாடா என்றிருந்தது.

பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். 12 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்தான். ப்ராசசருக்குப் போவது இந்தப் பன்னிரண்டு வோல்ட்தான். முந்நூறு என்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பெருமைக்குப் போட்டது.

எட்டு கோர் – அட்டையில் போட்டிருப்பது 125 வாட். முழு வேகத்தில் 200 தாண்டும் என்று நெட்டில் எழுதியிருக்கிறார்கள்.
ஆறு கோர் – 65. வேகமெடுத்தால் 90 சொச்சம்.
டிஸ்ப்ளே கார்டு தனியாக 50.
பெரிய எஸ்எம்பிஎஸ் – இந்த ஒல்லிப் பெட்டிக்குள் நுழையாது.

எப்படிக் கூட்டினாலும் எட்டு கோர் இடிக்கிறது. சுரேசிடம் சொன்னேன். “அரே மதினி, டென்ஷன் நை லேனேகா, கவலப்படாதிய! முந்நூறுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்லா?” உடனே எனக்கு என் கணக்கின் மேலேயே சந்தேகம். என் புத்தி அப்படி.

ஜூலை 10, வியாழன்

வீட்டுக்காரருக்கு இன்று லீவு. ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக் கொடுத்து, கிராண்ட் ரோடு பக்கம் பார்ட்ஸ் கடைக்காரரிடம் எட்டு கோர் தாங்குமா என்று கேட்டுவரச் சொன்னேன். “ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்ளா” என்று சொல்லிக்கொண்டே போனார்.

ரயிலிலிருந்து போன். பின்னால் ஒரே கூச்சல். “கேட்டுட்டேன்ளா. எட்டு கோர் போட்டா வாட் லகேகாங்காரு.”

“நெசமாவா சொல்லுதிய?”

“நெசந்தாம்ளா. பக்கா லகேகா.”

“அப்ப சரி” என்றேன். அவரும் சரி என்றார். வாட் போதும், பொருந்தும் என்று கடைக்காரரே சொன்ன பிறகு எனக்கென்ன பயம்? சுரேசை எட்டு கோரே வாங்கிவரச் சொல்லிவிட்டேன். மத்தியானம் ரசமும் அப்பளமும். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

வாசல் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுரேசு சாயங்காலம் வந்து மாட்டினான். ஆன் ஆயிற்று. “பாத்தியளா மதினி?” டிசைன் கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது. முழுப் பேட்ஜையும் தையல் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தேன். பெட்டிக்குள் ஃபேன் ஊளையிட்டது. ஒரு டப். ஸ்க்ரீன் கறுப்பு. அப்புறம் வாசம்.

கவிதா மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை ஒரு கையால் வெளியே இழுத்தேன், மறு கையால் பிளக்கை. “அம்மா, கை வலிக்கி” என்று அழுதாள். சந்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், மழையில், செருப்பில்லாமல்.

தீ இல்லை. புகைகூட இல்லை. வாசம் மட்டும்.

டியூட்டி முடிந்து இவர் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் கத்தல்: “எட்டு கோரையா போட்டிய? வேண்டாம்னுதானளா சொன்னேன்! வாட் லகேகான்னு சொன்னனா இல்லியா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைக்காரர் சொன்னது ‘வாட் லகேகி’. இந்த வாட் கரண்ட் கணக்கு இல்லை, இந்தியில் பெண்பால் சொல்: நாசமாய்ப் போகும் என்று. இவருக்கு இந்தியில் ஆண் பெண் கிடையாது. பஸ் ஆயேகா, சாய் மீட்டா, எல்லாமே ஆண்பிள்ளைதான். எங்கள் சந்து முழுக்க அப்படித்தான் பேசுகிறது, நானும்தான்.

“லகேகின்னுல்லா சொல்லணும்!”

“ரெண்டும் ஒண்ணுதானளா!”

சுரேசுக்குச் சிரிப்பு. அவனை அடிக்காமல் விட்டது ஆச்சரியம். அழுதுவிட்டேன்.

ஜூலை 12, சனி

கடைக்கு நானே போனேன், பெட்டியோடு. கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகப் போட்டு வெகுநேரம் ஓட்டிப் பார்த்தார். பாரம் தாங்காமல் தானே அணைந்துகொண்டதாம், வாசம் சூட்டில் கருகிய தூசியாம். “பச் கயி ஆப், பஹன்.” தப்பித்தாய் என்கிறார். சுரேசு அங்கே வாங்கியிருந்த எட்டு கோரைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஆறு கோர் கொடுத்தார். அதிலேயே டிஸ்ப்ளே இருக்கிறது, கார்டைக் கழற்றிவிடலாம். அப்படியானால் எல்லாம் சேர்ந்தும் 192-க்கு வெகு கீழே. மூன்று தரம் கேட்டேன், லகேகாவா லகேகியா என்று. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஓடுகிறது. எட்டு கோர் அளவுக்குப் பறக்கவில்லை, ஆனால் ஹேங் இல்லை. பெட்டி மேல் கை வைத்து வைத்துப் பார்க்கிறேன். இவர்: “காய்ச்சல் புள்ளையப் பாக்க மாதிரி பாக்காளே! ஒண்ணும் ஆவாதுளா. கவிதாவ எப்பவும் போல படுக்கப் போடு.”

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. பேட்ஜ் டிசைன் அனுப்பிவிட்டேன். அண்ணாச்சி, “அடுத்தது தொப்பிம்மா” என்றார்.

மத்தியானம் கடைசித் தையல் ஓடிக்கொண்டிருந்தபோது கவிதா மேசைக்கு அடியில் தூங்கிப்போனாள். எனக்குப் பயம்தான். சொன்னால் கேலி செய்வார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இவர் வெளியே போய்விட்டு வந்தார். பெட்டியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். குனிந்து, அவளைப் பாயோடு வாரி எடுத்து வாசல் பக்கம் கொண்டுபோய்க் கிடத்தினார்.

“அங்கன காத்தே வரலளா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சீலிங் ஃபேன் மேசைப் பக்கம்தான் சுற்றுகிறது; வாசலுக்கு அதன் காற்று எட்டாது.