இரண்டு சென்டிமீட்டர் கிளாரி

ஜூன் 2, ஞாயிறு

ஜூன் பிறந்தால் ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். காலையில் கொட்டாவி விட்டேன். அது உறைந்து தரையில் விழுந்து உடைந்தது. வரலாற்றாசிரியர்கள் குறித்துக்கொள்ளவும்.

மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் பழைய கம்பளிக் கிடங்கைத் திறப்பார்கள், இன்றும் திறந்திருந்தது. உள்ளே, நாலு பக்கச் சுவரையும் தொட்டுவிடுமோ எனும் மேஜைமேல் எங்கள் ஊர் பிந்தாராவின் மாதிரி, 1962-இல் இருந்தபடியே; ஆட்கள் மட்டும் இன்றைய ஊர்க்காரர்கள். ரயில் நிலையம், மாவு ஆலை, மூன்று மதுக்கடை, ஒரு தேவாலயம் (விகிதம் சரிதான்). மாதிரி ரயில் சங்கத்தார் மேஜைக்கடியில் படுத்து வயர் இழுப்பார்கள். நான் உறுப்பினன் இல்லை. நான் பார்வையாளன், அதாவது குறை சொல்லும் அதிகாரம் முழுவதும் என்னிடம். அடிலெய்டு முதல் கெய்ன்ஸ் வரை நான் நின்று முகம் சுளிக்காத மாதிரி ரயில் இந்தக் கண்டத்தில் கிடையாது.

இந்தத் தொண்டுக்குப் பரிசாக என்னையும் உள்ளே வைத்திருந்தார்கள். ஆட்டுச்சந்தையில், பட்டிகளுக்கு மேலே போகும் பலகைப் பாதையில், தொப்பியோடு, வலது கை தூக்கி, ஏலம் கூவும் கிளாரி. இரண்டு சென்டிமீட்டர் உயரம். கிடங்கில் தேநீர் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் ஏவ்ரில்தான் மூன்று முடி தூரிகையால் வரைந்தாள். தொப்பையைக் குறைத்திருந்தாள். கலைஞர்களுக்கு அந்த உரிமை உண்டு.

இன்று நான் அங்கே இல்லை.

ஆடுகள் இருக்கின்றன. வாங்க வந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் வெறும் பலகையைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிறார்கள். பலகையில் ஒரு பசைப் புள்ளி மட்டும்.

சங்கத் தலைவன் கெல், மேஜை நடுவில் ஆள் நிற்க விட்ட குழியில் நின்று ரயில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"யோவ் கெல், ஆள் எங்கய்யா?"

"எந்த ஆளு?"

"நான்!"

"இதோ வழியை அடைச்சிக்கிட்டு நிக்கிறியே. ஊருக்கு ஒண்ணு போதாதா?"

ஏவ்ரிலைக் கேட்கலாமென்றால் அவளுக்குக் காய்ச்சலாம், வரவில்லை. தேநீரோடு தரும் ஸ்கோன் ரொட்டி இன்று வேறு யாரோ சுட்டது. அதால் ஒரு மாட்டை வீழ்த்தலாம்.

ஜூன் 3

எத்தனையோ பேர் காணாமல் போயிருக்கிறார்கள். தான் காணாமல் போன இடத்தை நேரில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஜூன் 8, சனி

நீண்ட வார விடுமுறை. டாம்சின் காரில் சிட்னி கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். டாம்சின் என் அக்காள் மகள். அக்காள் போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு வீடு, அதுதான் என் அரண்மனை.

நாற்பது மாதிரி ரயில்கள். ஒன்றில் எரிமலை வெடித்தது. பனிமலையில் பென்குயின்கள் ரயிலுக்குக் காத்திருந்தன. எல்லாவற்றுக்கும் முகம் சுளித்தேன்.

திரும்பும்போது கோல்பர்ன் தாண்டியதும் டாம்சின் சொன்னாள்: "மாமா, எனக்குப் பெர்த்துல வேலை கிடைச்சிருக்கு. வீட்டை விக்கப் போறேன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நீங்களும் என்கூடதான் வர்றீங்க. உங்களுக்குத் தனி ரூம். ஜன்னலத் தொறந்தா கடல்."

"கடலை ஏலம் விட முடியாதே."

"வெளையாடாதீங்க மாமா. குளிர்காலம் முடியறதுக்குள்ள சொல்லுங்க, போதும்."

நான் ஏலம் கூவினால் நியூசிலாந்தில் ஆடுகள் தலை நிமிரும். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் - மூச்சு விடும் நேரத்தில் ஒரு மந்தையின் தலைவிதியை எழுதிய வாய் இது. இன்று அதன்பிறகு வீடு வரும்வரை அதிலிருந்து வந்தது ஒரு ஏப்பம் மட்டும்.

போக வேண்டாம் என்கிறேனா? தெரியவில்லை. போகணும் என்கிறேனா? அதுவும் தெரியவில்லை. பெர்த் நாலாயிரம் கிலோமீட்டர். டாம்சின் இல்லாத பிந்தாராவும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்.

ஜூன் 16, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். நான் செத்துப்போயிருக்கிறேன்.

அந்த மேஜை ஊருக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரங்களோடு ஒரு மலை உண்டு. மேஜையில் பொம்மை உள்ளவர் யார் இறந்தாலும் அந்தப் பொம்மையை அங்கே, ரயில் தெரியும்படி, பசை போட்டு நிறுத்திவிடுவார்கள். இதுவரை ஆறு பேர். இன்று பார்த்தால் ஏழாவதாக, தொப்பியோடு, கை தூக்கி - நான். சொர்க்க வாசலிலும் விலை கேட்கிற மாதிரி நிற்கிறேன்.

பேக்கரிக்காரரின் மனைவி பர்செல் அம்மாள் பக்கத்தில் வந்தாள். மலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி மலையை.

"ஐயோ கிளாரி! போன தடவ மலையில பாத்துட்டு, நேத்துதான் பூ வாங்கணும்னு நெனச்சேன்!"

"வாங்கலையா?"

"கடை மூடிட்டாங்க."

கெல்லைக் கேட்டால், "நல்ல எடம்யா அது, காத்து வரும்" என்று சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த என்ஜினை மறுபடி துடைத்தான். அவன் காது சிவந்திருந்தது. ஏன் சிவக்க வேண்டும்? எனக்குத் தெரியாத ஏதோ இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறதா?

ஏவ்ரிலுக்கு இன்னும் காய்ச்சல்.

ஜூன் 18

டாக்டரிடம் போனேன். ரத்தம், இதயம், நுரையீரல் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். "நீங்க இன்னும் ரொம்ப நாளைக்கு எல்லாரையும் தொல்லை பண்ணுவீங்க" என்றார். டாக்டர் பொய் சொல்கிறாரா, மலை பொய் சொல்கிறதா?

ஜூன் 25

டாம்சின் பெட்டிகள் வாங்கி வந்திருக்கிறாள். ஒன்றில் என் பெயர் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்குறிதான் இப்போது என் முழு முகவரி.

ஜூலை 7, ஞாயிறு

உயிர்த்தெழுந்தேன். ஆனால் ரயில் நிலையத்தில்.

இதற்கும் ஒரு வழக்கம் உண்டு. ஊரைவிட்டுப் போகிறவரைப் பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிறுத்துவார்கள். சில வாரம் கழித்து அவரைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் புது முகவரிக்கு அனுப்புவார்கள். பல் டாக்டர் டார்வினுக்கு அப்படித்தான் போனார். இன்று பிளாட்பாரத்தில் நான், ஒரு பழுப்புப் பெட்டி. தூக்கிய கை அப்படியே இருக்கிறது: டாட்டா காட்டுகிறேனா, ரயிலை நிறுத்தச் சொல்கிறேனா? நானே எனக்குப் புரியவில்லை.

பெர்த் பற்றி இங்கே நான் ஒரு ஈயிடம்கூடச் சொல்லவில்லையே!

ஏவ்ரில் வந்திருந்தாள். இளைத்திருந்தாள். கோப்பையை வைத்தாள், முகம் பார்க்கவில்லை.

"ஏவ்ரில், நான் எங்க போறேன்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

"மலையில வேற இருந்தேனே?"

"அது கெல் கிட்ட கேளுங்க. ஸ்கோன் வேணுமா வேணாமா? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

பின்னால் ஒருவரும் இல்லை. தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று போனாள். பாத்திரம் தளும்பிக்கொண்டிருந்தது.

கோபமா? என்மேல் என்ன கோபம்? நான் கூடுதலாக ஒரு ஸ்கோன் எடுத்துத் தின்றதற்கா?

ஜூலை 24, பெர்த்

டாம்சின் வீடு பார்க்கக் கூட்டி வந்திருக்கிறாள். என் அறையில் ஜன்னலைத் திறந்தேன். கடல் இருந்தது. சத்தியமாகக் குறையே சொல்ல முடியவில்லை, அதுதான் பெரிய குறை.

"நீங்க சந்தோஷமா இருக்கணும்னுதான் மாமா" என்றாள். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

மத்தியானம் என்னை மகிழ்விக்க இங்குள்ள ரயில் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பிந்தாரா மேஜையைப்போலப் பத்து மடங்கு. விமான நிலையமே இருக்கிறது. நிஜ விமானிகள் ஏமாந்து இறங்கப் பார்ப்பார்கள். இருட்டினால் தெருவிளக்கு, விடிந்தால் சேவல். வாய் பிளந்து பார்த்தேன்.

பிறகு ஆட்களைப் பார்த்தேன். செய்தித்தாள் படிக்கும் நீலக்கோட்டு மனிதன் ஒருவன். அடுத்த நிலையத்திலும் அவனே. மதுக்கடை வாசலில் அவனே. கடற்கரையிலும் அதே நீலக்கோட்டு, அதே செய்தித்தாள். எல்லாரும் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிய ஒரே அச்சு ஆட்கள்.

காவலுக்கு நின்ற பெண்ணிடம் கேட்டேன்: "இவர் யாரு?"

"யாருமில்ல சார். சும்மா ஆளு."

ஓட்டலுக்கு வந்தும் அந்த நீலக்கோட்டுக்காரன் மனதைவிட்டுப் போகவில்லை. பாவம், அவனை யார் மலைக்குக் கொண்டுபோவார்கள்?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எல்லாம் வெளியே வந்தது. தலை இன்னும் சுற்றுகிறது, வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முதலில் கெல்லைக் குழியிலேயே மடக்கினேன். மேஜை ஊரைத் தூசி தட்ட வாக்வம் கிளீனர் போடுவார்கள். முனையில் ஸ்டாக்கிங்கை, அதாவது பெண்கள் போடும் மெல்லிய நீளக் காலுறையை, மாட்டிக்கொண்டால், பிய்ந்து வரும் ஆளோ ஆடோ இயந்திரத்துக்குள் போகாமல் அதில் சிக்கும். மே மாதம் ஏவ்ரில் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அந்த வேலையைக் கெல் செய்திருக்கிறான். கண்ணாடி போடாமல்.

"ஸ்டாக்கிங்கக் கழட்டினா உள்ள நீ. ரெண்டு ஆட்டோட."

"என்னன்னே தெரியாமலா?"

"கண்ணாடி இல்லாம நீயும் ஆடும் ஒண்ணாதான்யா தெரிஞ்சீங்க. ஆட்டப் பட்டியில விட்டேன். மலையில ஒரு பசைப் புள்ளி காலியா இருந்திச்சி, சரி, அங்கருந்துதான் வந்திருப்பான்னு ஒட்டிட்டேன். அது மரம் விழுந்த எடமாம். பொறவு தெரிஞ்சப்போ வெக்கமாயிடிச்சி."

ஆக, என்னைக் கொன்றது ஒரு மறதிக்காரனும் ஒரு ஸ்டாக்கிங்கும். இதைவிடப் பெருமையான மரணத்தை எதிர்பார்த்திருந்தேன்.

"அப்போ பிளாட்பாரம்?"

அவன் தேநீர்ப் பக்கம் கை காட்டினான்.

ஏவ்ரில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டாம்சின் கடையில பார்த்தப்போ சொன்னா. மாமாவும் வருவாரோ மாட்டாரோன்னு அழுதா. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்களா? எட்டு வருஷமா என் ஸ்கோனத் தின்னுட்டு, உப்பு கம்மி, வெண்ணெய் கம்மின்னு பேசற வாயி!"

"அதான் கோவத்துல பெட்டிய குடுத்து அனுப்பிட்டீங்களா?"

"வாங்க இங்க."

கையைப் பிடித்து இழுத்துப்போய் மேஜை முன் நிறுத்தினாள். இத்தனை பேர் முன்னால்.

"நல்லாப் பாருங்க. பல் டாக்டரு போனப்போ பெட்டி எங்க இருந்திச்சி?"

"கையில."

"உங்க பெட்டி?"

பார்த்தேன். என் பெட்டி என் கையில் இல்லை. பிளாட்பாரத்தின் மறுகோடி பெஞ்சில், என்னைவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கண்டம் முழுக்கக் குறை கண்டுபிடித்த கண்ணுக்கு இது தெரியவில்லை.

"நான் யாரையும் அனுப்பல. போறீங்களா, இருக்கீங்களான்னு கேட்டேன். உங்களுக்குத்தான் கண்ணு தெரியல." பிறகு, சிக்னல் கம்பத்தைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டு சொன்னாள்: "இருக்க எடம் இல்லன்னுதான் போறீங்கன்னா, என் வீட்டுப் பின்ரூம் காலியாத்தான் கெடக்கு. பெயின்ட் காய வெச்ச ஆடுங்க கொஞ்சம் இருக்கும். நகர்த்திக்கலாம்."

மேஜையில் சரக்கு ரயில் ஒன்று எங்களைக் கடந்துபோனது.

"ஒரு தரம்" என்றாள் ஏவ்ரில்.

நான் என்ன செய்தேன்? தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்! அட முட்டாள். அறுபத்தெட்டு வயசு. முட்டாள், முட்டாள்.

ஆகஸ்ட் 11

அறைதானே சொன்னாள்? வாடகைக்கா? இல்லை, வேறு ஏதாவதா? அறையாக இருந்தால் எதற்கு ஒரு தரம் என்றாள்? அறை இல்லையென்றால் எதற்கு ஆடுகளைப் பற்றிச் சொன்னாள்? அப்புறம் டாம்சின். கேள்விக்குறி போட்ட அந்தப் பெட்டியை அவள் இன்னும் மூடவில்லை. அக்காள் இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பாள், எந்தப் பக்கம் திருகியிருப்பாள் என்பதுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

போனேன். நாற்பது வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். பாராளுமன்றத்தையே அழ வைக்கும் வாக்கியங்கள். ஏவ்ரில் கோப்பையை நீட்டினாள். "உப்பு சரியா இருக்கு" என்றேன். தேநீரில் உப்பு எப்படி?

அவள் சிரிக்கவில்லை. சர்க்கரையைத் தள்ளினாள்.

"ரெண்டு தரம்."

ஆகஸ்ட் 31, சனி

டாம்சினிடம் சொல்லிவிட்டேன். சமையலறையில் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். உளறினேன். கடல் என்றேன், நீலக்கோட்டு என்றேன், ஸ்டாக்கிங் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று நினைத்தேன்.

"ஏவ்ரில் ஆன்ட்டியா மாமா?"

தலையாட்டினேன்.

அவள் அழுதாள். நானும். "எனக்குன்னு அங்க யாரு மாமா?" என்றாள். அது என் நெஞ்சில் அப்படியே நிற்கிறது. ஒரு தட்டைக் காகிதத்தில் சுற்றி அவளிடம் நீட்டினேன். சரியான முடிவுதானா? இப்போதும் தெரியாது. தெரியாமலே ஒரு மனுஷன் முடிவெடுக்கலாம் போலிருக்கிறது.

பிறகு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, பெட்டியில் என் பெயரை அடித்துவிட்டுத் 'தட்டுகள்' என்று எழுதினாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

வசந்தத்தின் முதல் நாள். கிடங்கு திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். ஏவ்ரில் சாவியோடு வந்தாள். மூணாவது தரம் சொல்ல அவள் வாய் திறக்கும் முன் நான் கை தூக்கினேன்.

செப்டம்பர் 22

டாம்சின் போய்விட்டாள். மேஜை ஊர்ப் பிளாட்பார பெஞ்சில் இருந்த என் குட்டிப் பெட்டியைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அவளுக்கு முன்பே பெர்த்துக்கு அனுப்பியிருந்தேன். இரவு போன். "மாமா, பெட்டி வந்திருக்கு, ஆளக் காணோமே?" "கிறிஸ்துமஸுக்குப் பெட்டிய எடுக்க வருவான், ஜன்னல்ல வெச்சிரு." சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். லைன் சரியில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று வாக்வம் போடும் முறை என்னுடையது. கெல்லிடமிருந்து அந்தப் பொறுப்பு நிரந்தரமாகப் பிடுங்கப்பட்டது. ஸ்டாக்கிங்கை ஏவ்ரில் காலையில் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தாள்: "நல்லதக் கிழிச்சிடாதீங்க."

மலையை மெதுவாகச் சுத்தம் செய்தேன். ஆறு பேருக்கும் தொப்பி தொட்டு வணக்கம் சொன்னேன். பிளாட்பாரம், மாவு ஆலை, மூன்று மதுக்கடை. பிறகு மேஜை ஊரின் தேநீர்க்கடை வாசலுக்கு வந்தேன். அங்கேதான் இப்போது நான், கை தூக்கியபடி. பக்கத்தில் தட்டோடு ஒருத்தி. தொப்பை இந்தமுறை குறைக்கப்படவில்லை.

யாரும் பார்க்காதபோது முனையை நேராக என் தலைக்குமேல் கொண்டுபோய், இயந்திரத்தை முழு வேகத்தில் வைத்தேன்.

ஒரு ஆடு பறந்து வந்தது. நான் அசையவில்லை.