ஊசி இல்லாமல் ஒரு பாட்டு

அன்றைக்கு ஆட்டோவுக்குள் நான் சொல்லாமல் விட்டது ஒரு சின்ன வசனம்: "அடுத்த முறை முழுசாக் கேப்பம்."

இன்று காலை அடுப்படி மேல்தட்டைத் துடைக்கும்போது உன் சிவப்புப் பிளாஸ்க் கையில் பட்டது. மூடியைத் திறந்தேன். எத்தனை தரம் கழுவியும் தேசிக்காய் மணம் போகவில்லை. அப்படியே தரையில் இருந்துவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்ன, தலை சுத்துதே?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். உன்னைப் பற்றி இந்த வீட்டில் நான் யாரோடும் கதைப்பதில்லை.

சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு, குடிக்கும் தண்ணீரெல்லாம் உன் உடம்பிலேயே தங்கியது. டாக்டர் அளவு போட்டிருந்தார். தேசிக்காய்ப் புளி விட்டு உறையவைத்த சின்ன ஐஸ் கட்டிகளை இந்தப் பிளாஸ்கில் கொண்டு திரிவாய். தாகம் தாங்காதபோது ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வாய். "கடிச்சா முடிஞ்சிரும் மச்சான். கரைய விடணும்."

டயலிசிஸ் கட்டிலில் உன் இடது கையில் அந்தத் தடித்த ஊசிகளை ஏற்றும்போதெல்லாம் உனக்கு ஒரே பாட்டு வேண்டும். இயர்போனின் ஒரு முனை உன் காதில், மறுமுனை என் காதில். முதலில் வயலின் மட்டும் நெடுநேரம் தனியே அலையும். குரல் வருவதற்குள் ஊசி ஏறியிருக்கும். அதைப் பாடும் சென்னை இசைக்குழு யாழ்ப்பாணத்துக்கு வருகிறது, கொழும்புக்கு வரவில்லை என்று அறிந்த நாளில் நீ சொன்னாய்: "இந்தப் பாட்ட ஒருக்கா ஊசி இல்லாம கேக்கணும்."

கொழும்பு கொட்டாஞ்சேனையில் உன் வீட்டில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. உன் அம்மா, "அடுத்த வருஷம் போகலாம் மகள்" என்றார். உன் அண்ணா, "கிட்னி கிடைக்கட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஆஸ்பத்திரித் தாதியும் சிங்களத்தில் அதையேதான் கேட்டார்: "லபன அவுருத்தே யன்ன பெரித நங்கி?" அவரைப் போலவே தலையைச் சரித்து எனக்கு நடித்துக் காட்டினாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "நீ மட்டும் அதச் சொல்லாத."

நான் சொல்லவில்லை. ரயிலில் இடம் பதிந்தேன். சனி விடியப் புறப்பட்டு, பின்னேரம் பாட்டுக் கேட்டு, பொழுதுபட்டதும் பஸ் ஏறினால் ஞாயிறு காலை உன் டயலிசிஸ் முறைக்குத் திரும்பிவிடலாம். தவறினால் இயந்திரம் வேறொருவருக்குப் போய்விடும். பஸ்ஸைத் தவறவிட மாட்டோம் என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் உன் அம்மா சம்மதித்தார்.

வவுனியா தாண்டிய வெயிலில் உன் உதடுகள் வெடித்தன. எதிரே இருந்த ஒரு பெண்மணி இளநீர் நீட்டினார். அதிலுள்ள பொட்டாசியம் உனக்கு நஞ்சு.

"வேணாம் அன்ரி, விரதம்."

"விரதத்துக்கு இளநீர் குடிக்கலாம் பிள்ளை."

"எங்க சாமி கொஞ்சம் கடுமை அன்ரி."

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிளாஸ்க் மூடி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மைதானத்தில் முதலில் விளக்கேற்றினார்கள். பிறகு வரவேற்புரை, பொன்னாடைகள், பிரமுகர் ஒவ்வொருவராக உரை. "இவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் புதுக் கிட்னியே முளைச்சிரும்" என்றாய். முன்னால் நின்ற பெடியன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அது பகிடி. வெயில் தணிந்த பிறகுதான் இசைக்குழுவினர் மேடை ஏறினார்கள். கம்பித் தடுப்பைப் பிடித்தபடி, வீங்கிய கால்களோடு நின்றே கேட்டாய். பாட்டுகள் வந்துகொண்டிருந்தன, உன் பாட்டு வரவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்ததை நீ கண்டாய். வாசலை நோக்கி நடந்தாய்.

ஆட்டோவில் ஏறி இருந்தபோது மதிலுக்கு அப்பால் அந்த வயலின் தொடங்கியது.

"அண்ணே, இஞ்சின கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றாய்.

"பஸ் நிக்காது பிள்ளை. இப்பதானே கெதியா விடுங்கோ எண்டனீங்கள்?"

திரும்பிய ஆட்டோ அண்ணை உன் இடது கையைக் கண்டார். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. திறப்பைத் திருப்பி அணைத்தார். "சரி, கேளுங்கோ. குறுக்கு ஒழுங்கையால விடுறன்."

உன் கை என் கைக்குள் இருந்தது. ஊசிக்கென்று அறுவைச் சிகிச்சையில் நரம்பைப் பொருத்திய இடத்தில், தோலுக்கடியில் இரத்தம் இரைந்து ஓடுவது என் விரல்களுக்குத் தெரிந்தது. வயலின் முடிந்து குரல் எழுந்தது. இரண்டு வரிகள்.

"இனி விட்டாத்தான் பஸ்ஸைப் பிடிக்கலாம் பிள்ளையள்" என்றார் அண்ணை, தாழ்ந்த குரலில். ஆட்டோவின் இரைச்சலில் மிச்சப் பாட்டு மறைந்துபோனது.

"பரவால்ல. மிச்சம் எனக்கு மனப்பாடம்தானே" என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். சந்தி தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாய்.

சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் மட்டும் நான் அதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாயா? மற்றவர்கள் சொன்னபோது சிரிக்க முடிந்த உனக்கு, என் மௌனம் தீர்ப்பைப்போலக் கேட்டதா? இதற்குப் பதில் தேடி எத்தனை புத்தகங்களைத் திறந்து மூடிவிட்டேன். ஒருக்கா வந்து சொல்லிவிட்டுப் போ. ஓம் என்று சொன்னாலும் தாங்குவேன். இப்படித் தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உன் அடக்கம் முடிந்த அன்று உன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு இந்தப் பிளாஸ்கைத் தந்தார். "அந்தப் பாட்டக் கேட்டாளா மகள்?"

"ஓம் அன்ரி. முழுசா."

தாகம் எடுத்தால் நான் இப்போதும் உடனே தண்ணீர் குடிப்பதில்லை. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் வைத்துக் கடிக்காமல் காத்திருக்கிறேன். உன் இரத்தத்தின் இரைச்சல் இன்னும் என் விரல்களில் இருக்கிறது.

ஞாயிறு காலை நேரத்துக்கு வந்து சேர்ந்தோம். உன் முறை தவறவில்லை. ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. கார்த்திகையில் நீ போய்விட்டாய். அடுத்த வருடம் அந்த இசைக்குழுவினர் கொழும்புக்கு வந்தார்கள். அந்தப் பாட்டோடுதான் தொடங்கினார்களாம்.